பச்சை வட்டம்

சனிக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் வாசிப்பு அறையில் இன்றைக்கு எந்தப் புத்தகத்திலும் 'யாரும் படிக்கலாம்' என்று நான் ஒட்டிய பச்சை வட்டம் கிடையாது. மஞ்சளும் சிவப்பும் அப்படியே இருக்கின்றன. பச்சையை மட்டும் உட்கார்ந்து நகத்தால் சுரண்டி எடுத்தேன். சில அட்டைகளில் பசை போகவில்லை. அழுக்கு பிடித்து வட்டமாகக் கறுத்துக் கிடக்கிறது. "நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் எடுத்தீங்க" என்று கூட இருப்பவர்கள் கேட்டார்கள். சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டேன். இரண்டு முறை அப்படி ஆயிற்று. வாயால் சொல்ல வராதது எழுதினால் வரலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அறை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில். முன்பு வலை போட்டு வைத்திருந்த இடம். ஆனி, ஆடி மழையில் சுவர் நனைந்தால் அந்த வாடை இன்னும் எழும். நான் மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் போகிறேன். அங்கே முந்நூற்றுச் சொச்சம் காமிக்ஸ் இருக்கின்றன. பாதி என் பழைய சேகரிப்பு, மீதி நண்பர்கள் தந்தது. தமிழ் கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம், மாங்கா என்கிற ஜப்பான் காமிக்ஸின் இங்கிலீஷ் பதிப்புகள் கொஞ்சம். வருகிற பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை இருக்கும். கழுத்து அறுபடுகிற படம் ஐந்து வயதுப் பிள்ளை கையில் போய்விடக் கூடாதே என்ற கவலையில்தான் ஸ்டிக்கர் வாங்கினேன். பச்சை யாரும் எடுக்கலாம். மஞ்சள் பத்து வயதுக்கு மேல். சிவப்பு பதினாலுக்கு மேல், அதுவும் என்னிடம் கேட்டுவிட்டு.

அட்டையில் பதிப்பகமே வயது போட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். 'ஆல் ஏஜஸ்' என்றால் பச்சை, 'டீன்' என்றால் மஞ்சள், 'ஓல்டர் டீன்', 'மெச்சூர்' எல்லாம் சிவப்பு. எதுவும் போடாத புத்தகங்களை நானே புரட்டிப் பார்த்தேன். தமிழில் வருவதில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. ரத்தம், துப்பாக்கி, முத்தம், கெட்ட வார்த்தை என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து முந்நூறையும் முடித்தேன். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது. அந்த நிறைவைத்தான் இப்போது திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பச்சை ஒட்டிய எந்தப் புத்தகத்தையும் நான் முழுதாகப் படிக்கவில்லை. சிவப்பு ஒட்டியவற்றை வரிவிடாமல் படித்திருந்தேன். எது ஆபத்து என்று நினைத்தேனோ அதன் அருகில் உட்கார்ந்தேன். ஆபத்தில்லை என்று முடிவு செய்ததும் எழுந்து போய்விட்டேன்.

எங்கள் காலத்தில் அட்டையில் வயது என்று ஒன்று இருந்ததே இல்லை. 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியபோது நான் பிறந்திருக்கவில்லை. ஆனால் எண்பதுகளில் வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய புத்தகம் விற்பவரிடம் அந்த இதழ்கள் அட்டை கிழிந்து கிடைக்கும். 1984-ல் லயனும் ராணி காமிக்ஸும் வந்தன. மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் மிதக்கும். பிளக்கில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வந்த ஆசை வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குப் பாடப்புத்தகத்துக்குள் அது ஒளிந்திருக்கிறதா என்பது மட்டும்தான் கவலை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நல்லது வென்றே ஆக வேண்டும்

வயதுக் குறி எங்கிருந்து வந்தது என்பதை ஸ்டிக்கர் ஒட்டுகிற நாட்களில்தான் தேடிப் படித்தேன். காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று அமெரிக்காவில் பெரிய கூச்சல் எழுந்து, 1954-ல் செனட் துணைக்குழு விசாரணை வரைக்கும் போனது. அரசு கைவைப்பதற்கு முன்னால் பதிப்பாளர்களே சேர்ந்து 'காமிக்ஸ் கோட்' என்று ஒரு விதித்தொகுப்பு எழுதி, அதற்கு உட்பட்ட இதழ்களின் அட்டையில் முத்திரை குத்தினார்கள். ரத்தக்காட்டேரி, நடமாடும் பிணம், ஓநாய் மனிதன் எதுவும் கூடாது. போலீஸையும் நீதிபதியையும் மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது. எந்தக் கதையானாலும் நன்மை தீமையை வென்றே தீர வேண்டும். இந்தக் கடைசி விதியை முதலில் படித்தபோது நான் தலையாட்டினேன். பிள்ளைகளுக்கு வேறென்ன சொல்வது?

அந்த முத்திரைக்குப் பின்னால் யாருடைய கண் இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஒரு காமிக்ஸ் கதையில் ஆரஞ்சு ரோபோக்களும் நீல ரோபோக்களும் வாழும் ஓர் உலகம். அங்கே ஆரஞ்சுக்கு ஒரு நியாயம், நீலத்துக்கு ஒரு நியாயம். பூமியிலிருந்து சோதிக்கப் போகும் விண்வெளி வீரர், நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லித் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவர் கறுப்பினத்தவர் என்று தெரிகிறது. 1956-ல் இதை மறுபடி அச்சிடப் போனபோது, அவரைக் கறுப்பராகக் காட்டக் கூடாது என்றார் முத்திரை அதிகாரி. பதிப்பாளர் மசியாமல் அப்படியே வெளியிட்டார். 1971-ல் இன்னொன்று. போதைப்பொருளின் கேட்டைச் சொல்லும்படி அரசுத் துறையே கேட்டு எழுதப்பட்ட ஸ்பைடர்மேன் கதைக்கு, போதைப்பொருள் என்ற பேச்சே கூடாது என்று முத்திரை மறுக்கப்பட்டது. மூன்று இதழ்களும் முத்திரை இல்லாமலே வந்தன. 2001-ல் ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் விலகியது. 2011-ல் கடைசி இரண்டு நிறுவனங்களும் விலக, முத்திரை முடிந்துபோனது. இப்போது அவரவர் புத்தகத்துக்கு அவரவரே வயது போட்டுக்கொள்கிறார்கள்.

இங்கே சினிமாவுக்காவது ஒரு வாரியம் உண்டு. 1983-ல் யு/ஏ வந்தது, 2024-ல் அதையே 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தார்கள். புத்தகத்துக்கு அப்படி எதுவும் இல்லை. 1956-ல் இளையோருக்குக் கேடான வெளியீடுகளைப் பற்றி ஒரு மத்தியச் சட்டம் வந்தது. படங்களால் சொல்லப்படும் கதைகளையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குற்றம், வன்முறை, கொடூரம் இவைதான் அதன் அளவுகோல். இளையோர் என்றால் அதில் இருபது வயதுக்குக் கீழே. அமெரிக்க முத்திரை, இந்தியச் சட்டம், என் ஸ்டிக்கர் மூன்றும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கின்றன. படத்தில் என்ன சிந்துகிறது, என்ன தெரிகிறது என்பதை. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தலை வெட்டும் படத்தைக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அந்தப் பார்வைக்கு அகப்படாத ஒன்று இருக்கிறது என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

ஜூன் முதல் வாரம்

2024-ல் ஜூன் 1 சனிக்கிழமையாக விழுந்தது. மேற்குக் கடற்கரையில் அன்றைக்குத்தான் விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் தொடங்கும். தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும், ஊருக்குள் ஆண்கள் நடமாட்டம் கூடும். மற்ற மாதங்களில் அம்மாவும் பிள்ளைகளுமாக இருக்கிற வீடுகளில் அந்த இரண்டு மாதம் அப்பா இருப்பார். அன்று அறைக்கே இரண்டு மூன்று அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பள்ளி திறக்கவில்லை, வெளியே மழை, உள்ளே நல்ல கூட்டம்.

அந்தப் பிள்ளைக்குப் பதினொரு வயது. தன்பாட்டுக்கு வந்து, எடுத்து, படித்து, வைத்துவிட்டுப் போகிறவள். அன்றைக்கு அவள் எடுத்தது பச்சை வட்டம் ஒட்டிய ஒரு கடல் சாகசக் கதை, தமிழில் மொழிபெயர்த்தது. பின்னட்டையில் 'எல்லா வயதினருக்கும்' என்றே அச்சிட்டிருந்தது. பெயர் சொல்லப் போவதில்லை, அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. முதல் நாலு பக்கத்தில் ஒரு பையனின் அப்பா போன கப்பல் புயலில் மாட்டி மூழ்குகிறது. பையன் ஒரு கிளியையும் ஒரு கிழ மாலுமியையும் கூட்டிக்கொண்டு புதையல் தேடப் போகிறான். கடைசிப் பக்கத்தில் ஒரு தீவில் அப்பா தாடியோடு நிற்கிறார். உயிரோடு. பையன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். சூரியன், கடல், சுபம்.

அவள் படித்து முடித்துப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் கவனித்தேன்; பிடித்துப்போயிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு என் மேசைக்கு வந்து கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"சாரே, இப்பிடி நெசமாட்டு வருவாவளா?"

"யாரு மக்களே?"

"கப்பலு முங்கிப் போனவிய."

இது கதை மக்களே என்றோ என்னவோ சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு மழையில் போனாள். பக்கத்தில் இருந்த பெரிய பையன் ஒருவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான், "அவ அப்பா ஓகில போனவரு சாரே."

2017 நவம்பர் 30, ஓகி புயல். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தூத்தூர் பகுதிக்காரர்கள் கரையோரம் மீன் பிடிப்பவர்கள் அல்லர், அரபிக் கடலில் வெகுதூரம் போய் நாட்கணக்கில் தங்குபவர்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகு வந்த எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. போனவர்களில் பலருடைய உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத வீட்டில் கல்லறை இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவர்த்தியோடு போகும்போது அந்த வீட்டுக்காரர்கள் எங்கே போய் மெழுகுவர்த்தி வைப்பார்கள்? ஓகி அடித்தபோது இந்தப் பிள்ளைக்கு நாலு வயது. அப்பா கடலில் காணாமல் போனார் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். காணாமல் போனவர் என்றால் கண்டுபிடிக்கப்படலாம் என்றுதானே பொருள்? நான் பச்சை வட்டம் ஒட்டி அவள் கையில் கொடுத்த புத்தகமும் அதையேதான் சொன்னது.

அவள் அம்மா கேட்டது

அடுத்த சனிக்கிழமை பிள்ளை வரவில்லை, அம்மா வந்தார். கருங்கல் சந்தையில் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார், அலுமினியச் சட்டியை வாசலிலேயே வைத்தார். திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ராத்திரி ஒறங்கேல சாரே. தீவு எங்க இருக்கு, யாராம் போயிப் பாத்தாவளான்னு கேக்கா. கரையில போயிக் கடலப் பாத்துட்டே நிக்கா."

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, இனி அவளுக்குக் கடல் கதை எதுவும் போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தலையை அசைத்தார்.

"அது வேண்டாம். செத்தவிய செத்துட்டாவன்னு சொல்லுத கத ஏதாவது இருந்தா குடுங்க சாரே. எனக்கு அதச் சொல்ல வாய் வரல."

இந்த வார்த்தைக்கு முன்னால் நான் வைத்திருந்த கணக்கு முழுவதும் தலைகீழாயிற்று. பச்சை அலமாரி முன் போய் நின்றேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அடிபட்டவன் அடுத்த பக்கத்தில் எழுந்துவிடுகிறான். மலையிலிருந்து விழுந்தவன் மரக்கிளையில் தொங்குகிறான். தொலைந்த அப்பா, தொலைந்த அண்ணன், தொலைந்த நாய் எல்லாம் திரும்பி வந்துவிடுகின்றன. அறுபது எழுபது புத்தகத்தில் செத்தவர் செத்தவராகவே இருக்கிற கதை எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. நன்மை வென்றே தீர வேண்டும் என்று 1954-ல் எழுதிய விதிக்கு இங்கே யாரும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. ஆனாலும் 'எல்லா வயதினருக்கும்' என்று போடுகிற கை அந்த விதிக்குள்தான் நிற்கிறது. வலி இல்லாமல் முடிந்தால் பிள்ளைகளுக்கு ஆகும் என்று நினைக்கிறது. நானும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறேன்.

எனக்கு அப்போது நினைவு வந்தது எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா. நான் நாஞ்சில் நாட்டுக்காரன். சின்ன வயதில் பாட்டா துண்டை விரித்து என்னை முன்வரிசையில் உட்கார வைப்பார். வில்லும் குடமும் உடுக்கும் சேர்ந்து நீலி கதை விடிய விடிய நடக்கும். கொலை உண்டு, துரோகம் உண்டு, கையில் பிள்ளையோடு பழி கேட்டு வருகிறவள் உண்டு. இசக்கியம்மன் சிலையைத் தாண்டிப் போகப் பயந்து பல மாதம் சுற்று வழியில் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அதனால் அது பிள்ளைகளுக்கு உகந்தது என்று வாதாட வரவில்லை. ஆனால் எங்கள் வில்லுப்பாட்டில் அநியாயமாகச் செத்தவர் மனுஷராகத் திரும்பி வருவதில்லை. தெய்வமாகத்தான் வருவார், கொடை கேட்பார், படையல் கேட்பார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார மாட்டார். அது எனக்கு ஏழு வயதிலேயே தெரிந்திருந்தது. பயம் வந்தால் கையை நீட்டித் தொட்டுப் பார்க்க பாட்டாவும் பக்கத்தில் இருந்தார்.

சிவப்பு அலமாரியில் 'பேர்ஃபுட் கென்' இருந்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதாக இருந்த கெய்ஜி நகஸாவா, தன் கதையையே கொஞ்சம் மாற்றி வரைந்தது. குண்டு விழுந்த நேரம் பள்ளிக்கூடச் சுவர் மறைத்ததால் அவர் பிழைத்தார். அப்பாவும் அக்காவும் தம்பியும் வீட்டோடு போனார்கள். அது வெளிவரத் தொடங்கியதே 1973-ல், சிறுவர்களுக்கான ஒரு வார இதழில்தான். நாற்பது வருஷம் கழித்து 2012 டிசம்பரில் மட்சுவே நகரத்துக் கல்வி வாரியம், பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் தாமாக எடுக்க முடியாதபடி அதைப் பூட்டி வைக்கச் சொன்னது. நகஸாவா இறந்ததும் அதே மாதம்தான். விஷயம் வெளியே வந்து கண்டனம் எழ, 2013 ஆகஸ்டில் வாரியம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. 2023-ல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து அதை நீக்கியது. பிறந்த ஊரிலேயே அந்தப் புத்தகத்துக்கு என்ன வயது போடுவது என்று தீரவில்லை. நான் போட்டது பதினாலு.

அதை எடுத்து அந்த அக்காவிடம் காட்டினேன். எதையும் மறைக்கவில்லை. எரிகிற வீட்டுப் பக்கங்கள், தோல் உரிந்து நடக்கிறவர்கள், எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். தோல் உரிந்த பக்கங்கள் வேண்டாம், அப்பா சாகிற இடத்தைச் சொல்லுங்கள், நானும் கூட இருக்கிறேன் என்றார்.

அடுத்த வாரம் மற்ற பிள்ளைகள் போன பிறகு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவளுக்கு அந்த இங்கிலீஷ் ஓடாது, அதனால் நான் தமிழில் சொல்லிக்கொண்டே பக்கம் திருப்பினேன். வீடு விழுந்து உத்தரத்துக்கு அடியில் அப்பா. தீ நெருங்குகிறது. கென் தூக்கிப் பார்க்கிறான், அசையவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ என்று அப்பாவே சொல்கிறார். அவன் போகிறான். அந்த இடத்தில் என் குரல் போய்விட்டது. அவள் நிதானமாக இருந்தாள். விரலால் படத்தைத் தொட்டு, "இவரு வரமாட்டாரு இல்லியா" என்றாள். வரமாட்டார் மக்களே என்றேன். அம்மா அவள் முதுகில் கை வைத்திருந்தார்.

பின்னால் ஓரிடத்தில் கென் எரிந்த வீட்டுக்குத் திரும்பி வந்து சாம்பலைத் தோண்டி அப்பா, அக்கா, தம்பி எலும்புகளை எடுப்பான். அதைக் காட்டலாமா வேண்டாமா என்று தயங்கினேன். அவள் கேட்டாள், பொறவு என்னாச்சு என்று. காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பி,

"அவனுக்கு எலும்பாவது கெடச்சுதே" என்றாள்.

அம்மா அப்போதுதான் அழுதார். ஆறரை வருஷத்தில் பிள்ளை முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

ஸ்டிக்கரும் பென்சிலும்

பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சிவப்பு வட்டம் இன்றைக்கும் அதன் மேல் இருக்கிறது. அந்தச் சிவப்பு இருந்ததால்தான் நான் அதை முழுதாகப் படித்திருந்தேன், ஒரு அம்மாவிடம் பக்கம் பக்கமாகக் காட்ட முடிந்தது, மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தோம். சிவப்பு பெரியவர்களைப் பக்கத்தில் கூப்பிடுகிறது. பச்சைதான் போகச் சொல்கிறது. போனை பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போவது மாதிரி நானும் பச்சையைக் கொடுத்துவிட்டுப் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அதை மட்டும் சுரண்டினேன்.

இப்போது ஒவ்வொரு புத்தகத்தின் பின் உள்ளட்டையிலும் பென்சிலால் எழுதி வைக்கிறோம். என்ன இருக்கிறது என்று மட்டும், வயது கிடையாது. 'இதில் ஒரு நாய் சாகும்.' 'குண்டாக இருக்கும் பையனைக் கேலி செய்கிறார்கள், கடைசி வரை யாரும் தப்பென்று சொல்லவில்லை.' 'அம்மா அப்பா சண்டை போட்டுப் பிரிகிறார்கள்.' இப்படி எழுத வேண்டுமானால் முழுதும் படிக்க வேண்டும். வாரத்துக்கு ஏழெட்டுக்கு மேல் ஆகவில்லை, இன்னும் நூற்றுக்கு மேல் பாக்கி. பெரிய பிள்ளைகளும் எழுதுகிறார்கள். நான் எழுதியதைவிட அவர்கள் எழுதியது பல இடத்தில் கூர்மையாக இருக்கிறது. கேலியைப் பற்றிய அந்த வரி ஒரு எட்டாம் வகுப்புப் பையன் எழுதியது. நான் அந்தப் புத்தகத்துக்குப் பச்சை ஒட்டியிருந்தேன்.

அந்தக் கடல் கதையை எடுத்துப் போட்டுவிடலாம் என்று இருந்தேன். அவள் வேண்டாம் என்றாள். பென்சிலை வாங்கி அவளே எழுதினாள்: 'கடேசியில அப்பா வருவாரு. இது கத.'

போன மாதம் ஏழு வயதுப் பயல் ஒருவன் எழுத்துக்கூட்டி அதைப் படித்துவிட்டு அந்தப் புத்தகத்தைத்தான் வேண்டும் என்றான். அவன் அப்பா கொச்சியிலிருந்து கடலுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கொடுத்தேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, அவன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டேன்.